பகலில் எரிந்த எட்டு டியூப்லைட்

கார்குழலிக்கு முகங்களைத் தெரியும். பெயர் மறந்துபோகும், உறவுமுறை மறந்துபோகும். ஆனால் யாருக்கு இடது கண் கொஞ்சம் சின்னது, யாருக்கு மூக்கு வலப்பக்கம் சாய்ந்தது, எந்தக் கல்யாணப் பெண்ணின் முகவாயில் தையல் போட்ட தழும்பு என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். பதினாறு வருஷம் ராயபுரத்தில் ஒரு ஸ்டூடியோவின் பின்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஊர்ச்சனத்தின் பருவையும் தழும்பையும் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பையும் துடைத்துக்கொண்டிருந்தவள் அவள். அத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அவளைப் படம் எடுக்க விட்டதில்லை. கேமரா பிடிக்கிறது ஆம்பளை வேலை, அழுக்குத் துடைக்கிறது பொம்பளை வேலை என்பது அங்கே எழுதாத சட்டம்.

போன வருஷம் அந்த ஸ்டூடியோவை மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். முதலாளி தேவப்பிரியம் போகிற போக்கில் அவளிடம் பழைய கேமரா ஒன்றையும் ஒரு புத்திமதியையும் கொடுத்துவிட்டுப் போனார். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வரவேண்டும், பெரிதாக வரவேண்டும், ஆளுக்குக் கிட்டே இருந்து வரவேண்டும், அவ்வளவுதான் தொழில் என்றார். கேமரா பழையதானாலும் சமர்த்தாக வேலை செய்தது. புத்திமதிதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது.

வீடு திருவொற்றியூர் ஹவுசிங் போர்டில், தரைத்தளத்தில். முன்னறை பத்தடிக்கு ஒன்பதடி. அதற்குப் பின்னால் சமையலறை என்று ஒரு மூலையும், புருஷன் பெண்டாட்டி படுக்க ஒரு பொந்தும். புருஷன் பாஸ்கர் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறான். ஓட்டுகிறான் என்று சொல்வதே அதிகம். வாரத்தில் நாலு நாள் ஹார்பர் கேட்டில் வரிசையில் நின்றபடியே தூங்கி, நின்றபடியே தின்று, நின்றபடியே பெண்டாட்டியோடு சண்டை போடுகிறான். ஆகவே அந்த முன்னறை யாருடையது என்றால், அவனுடைய அம்மா அங்கம்மாவுடையது. அவளுடைய கட்டில், அவளுடைய டிவி, அவளுடைய வெற்றிலைப் பெட்டி. அந்த அறையில்தான் கார்குழலி ஸ்டூடியோ வைக்கப் போகிறேன் என்று கிளம்பினாள். தைரியத்தைப் பாருங்கள்.

முதலில் ஆன்லைனில் ஒரு ரிங் லைட் வாங்கினாள். வட்டமாக, அழகாக, விலை மலிவாக வந்தது. சோதனைக்கு உட்கார வேறு ஆள் ஏது, அங்கம்மாவைத்தான் உட்கார வைத்தாள். படத்தில் மாமியாரின் இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு வெள்ளை வளையம் தெரிந்தது. என் கண்ணில் வளையல் மாட்டிவிட்டாள் என்று அங்கம்மா மாடிப்படி வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்தது சாஃப்ட்பாக்ஸ். பெட்டிக்குள் மடித்து வந்தபோது சின்னதாகத்தான் இருந்தது. பிரித்து நிமிர்த்தினால் கறுப்புக் குடை மாதிரி ஆளுயரத்துக்கு இரண்டு நின்றன. அவற்றின் மூன்று மூன்று கால்களுக்கு இடம்விட, கட்டிலை வெளியே போடவேண்டியதாயிற்று. கட்டில் வெளியே போனதும் அங்கம்மாவும் வெளியே போனாள். அவளைக் கெஞ்சி உள்ளே கொண்டுவந்து உட்கார வைத்தால் கார்குழலிக்கு நிற்க இடமில்லை. சமையலறையில் காஸ் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று எடுத்தாள். கம்பிகளுக்கு நடுவே மாமியாரின் ஒரு முழங்கால் மட்டும் மிகத் தெளிவாக விழுந்திருந்தது. மறுநாளே திருப்பி அனுப்பிவிட்டாள்.

மூன்றாவது, யாரோ விற்ற பழைய ஃபிளாஷ். அது வெட்டுவதற்கு ஒரு நொடி முன்னால் ஒரு கீச்சுச் சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டதும் அங்கம்மா கண்ணை மூடிக்கொள்வாள். நாற்பத்தொரு படம் எடுத்தாள். நாற்பத்தொன்றிலும் கண் மூடியிருந்தது. உயிரோடு இருக்கும்போதே என்னை அடக்கம் பண்ணிவிட்டாயா என்று கேட்டுவிட்டு, அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை அந்தம்மா. நாலாவதாக, காசிமேட்டில் போட் வைத்திருக்கும் ஒருவர் இரவல் கொடுத்த விளக்கு. கடலுக்குள் தூரத்தில் இருக்கிற மிதவை தெரிவதற்காகச் செய்த விளக்கை முகத்துக்கு மூன்றடியில் வைத்தால் என்ன ஆகும்? பவுடர் கரைந்து கழுத்துக்கு வந்தது.

இப்படியே மூன்று வாரம் ஓடியது. மூன்று வாரமும் அங்கம்மா பொறுத்தாள் என்றுதான் சொல்லவேண்டும், அவள் பாஷையில் பொறுத்தாள். ஒரு வியாழக்கிழமை விடியற்காலை எழுந்தவள் ஏதோ ஒரு ஸ்டாண்டின் காலில் தடுக்கி விழுந்தாள். அடி ஒன்றும் பெரிதில்லை. வெற்றிலைப் பெட்டி உருண்டு, சுண்ணாம்பு சிதறி, டிவி ரிமோட்டின் மேல் கொட்டியது. அதுதான் பொறுக்கவில்லை. அந்த லைட்டு இருக்கிற வீட்டில் இனி கால் வைக்கமாட்டேன் என்று சொல்லி, மாத்திரை டப்பாவைக்கூட எடுக்காமல், எண்ணூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஷேர் ஆட்டோ ஏறிவிட்டாள்.

அன்றைக்கு மத்தியானமே பாஸ்கர் லாரியிலிருந்து போன் போட்டான். கத்தவில்லை. அவன் கத்தாமல் பேசினால்தான் பயம்.

"ஞாயித்துக்கெயம சாய்ங்காலத்துக்குள்ள எங்கம்மா வூட்டுக்கு வர்ணும். வர்லன்னா கேமராவெ மூட்டை கட்டிடு. அந்த ரூம்பு எங்கம்மாவுது."

ஞாயிற்றுக்கிழமை! வேறு நாளே கிடைக்கவில்லையா இந்த மனுஷனுக்கு? ஞாயிறு நாலு மணிக்குத்தான் முப்பிடாதி அண்ணாச்சி வருவதாக இருந்தது. அண்ணாச்சிக்கு நெடுஞ்சாலையில் மொத்த மளிகைக் கடை. திருநெல்வேலிக்காரர். வருஷா வருஷம் கடைக் காலண்டரில் சாமி படம் போடுகிறவர், இந்த வருஷம் தானும் சம்சாரமும் சேர்ந்து நிற்கிற படம் போடப்போகிறேன் என்று முடிவு பண்ணியிருந்தார். அந்தக் காலண்டர் திருவொற்றியூரிலிருந்து மணலி வரைக்கும் வீட்டுக்கு வீடு தொங்கும். அதன் கீழே சின்ன எழுத்தில் கார்குழலியின் பெயரும் போன் நம்பரும் போடுவதாகச் சொல்லியிருந்தார். முதல் வாடிக்கையாளர் அவர்தான். அந்தப் படம் நன்றாக அமைந்தால் பாஸ்கரிடம் காட்டி இன்னும் ஒரு மாசம் கேட்கலாம். அமையாவிட்டால் அறையும் போச்சு, தொழிலும் போச்சு, மறுபடி யார் கடையிலாவது யார் முகத்தையாவது துடைக்கவேண்டியதுதான்.

அவளுக்கு அழுகையாக வந்தது. அழுதுகொண்டே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோதுதான் அது உறைத்தது. லைட்டு அறைக்குள் கொள்ளவில்லை, சரி. அறைக்கு வெளியே கொள்ளுமே?

ஜன்னல் நாலடி அகலம். அதன்மேல் பாஸ்கரின் கல்யாண வேட்டியை இழுத்துக் கட்டிவிட்டு, வெளியே சந்தில் விளக்கை நிறுத்தி வேட்டியின்மேல் அடித்தால், ஜன்னல் முழுக்க ஒரே வெளிச்சப் பலகை. ஒரு பக்கத்திலிருந்து, பெரிதாக, கிட்டே. தேவப்பிரியம் சொன்ன மூன்றும் அதில் இருந்தன. வெயிலை நம்பமுடியாது. எதிர்ப்பக்கத்துக் கட்டடம் மறைத்து ஒரு நாளைக்கு இருபது நிமிஷம்தான் அந்தச் சந்தில் சூரியன் எட்டிப் பார்க்கும். விளக்கு வேண்டும். வாங்க வழியில்லை. வாடகைக்கு எடுக்கலாம். வாடகைக்கு விளக்கு என்றால் அந்த வட்டாரத்தில் கோதண்டம்தான்.

கோதண்டம் நாற்பது வருஷமாக நல்லது கெட்டது இரண்டுக்கும் பந்தலும் விளக்கும் போடுகிறவர். கார்குழலி போய்க் கேட்ட அன்றைக்கு ஆவணி முகூர்த்தம் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. சீரியல் செட்டு, ஃபோகஸ், மயில் போர்டு எல்லாம் மணலியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டன, டியூப்லைட்தான் மிச்சம் என்றார். அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது. எட்டு டியூப்லைட், கட்ட இரண்டு கம்பம். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நாற்பது வருஷத்தில் டியூப்லைட் கேட்டு வருகிறவர்களிடம் அவர் காரணம் கேட்டதே கிடையாது.

ஞாயிறு மத்தியானம் அவரே வந்து கட்டினார். ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் கம்பம் நட்டு, கம்பத்துக்கு நாலாக எட்டு டியூப்லைட். மழை வந்தால் லைட்டு நனையும் என்று மேலே ஒரு துணிப் பந்தல். அப்புறம் வண்டியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்க ஆரம்பித்தார். நாற்காலி கேட்கவில்லையே என்றாள். லைட்டு போகிற இடத்துக்கு நாற்காலியும் போகும், அது ஒரு செட்டு, தனித்தனியாக விடுகிற வழக்கமில்லை என்றார். நாற்பது நாற்காலி. வருகிறவர்கள் உட்காரட்டுமே என்று அவளும் விட்டுவிட்டாள். கோதண்டம் மணலிக் கல்யாணத்தைப் பார்க்கக் கிளம்பிப் போனார்.

இரண்டு மணிக்கு அவள் ஸ்விட்சைப் போட்டாள். கதவைச் சாத்தினாள், வேறு வெளிச்சம் கலக்கக் கூடாதே. மின்விசிறியை நிறுத்தினாள், வேட்டி படபடக்கக் கூடாதே. முதல் வாடிக்கையாளர் ஆச்சே என்று சுவரில் இருந்த படங்களுக்கு ஊதுவத்தி ஏற்றி, சாம்பிராணியும் போட்டாள். பிறகு திரும்பி அறையைப் பார்த்தாள். சும்மா சொல்லக் கூடாது, அப்படியொரு வெளிச்சத்தை அவள் அந்த வீட்டில் பார்த்ததே இல்லை. நாற்காலியில் தலையணையை நிறுத்தி அங்கம்மாவின் சேலையைச் சுற்றி வைத்திருந்தாள். அந்தத் தலையணைக்கே ஒரு களை வந்துவிட்டது. ஷட்டர் வேகத்தை நூறுக்கு மேல் ஏற்றினால் படத்தில் கோடு கோடாக விழுந்தது. இறக்கினாள். தலையணை பச்சையடித்தது. வெள்ளைத் தாளைக் காட்டிச் சரிபண்ணினாள். நாற்காலியை அரையடி நகர்த்தினாள், மறுபடி நகர்த்தினாள். வெளியே சனங்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. தண்ணி லாரி வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

தண்ணி லாரி வரவில்லை.

பட்டப்பகலில் ஒரு வீட்டு வாசலில் டியூப்லைட் எரிகிறது. கலர் பல்பு ஒன்றுகூட இல்லை. பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, ஜன்னலில் வெள்ளைத் துணி கட்டி, உள்ளேயிருந்து சாம்பிராணிப் புகை வருகிறது. வடசென்னையில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் இதற்கு அர்த்தம் சொல்லித்தரவேண்டாம். பதினாறு வருஷம் லைட்டையே நினைத்துக்கொண்டிருந்த இவள் ஒருத்திக்குத்தான் தோன்றவில்லை.

முதலில் பார்த்தவள் மாடிவீட்டு சுகிர்தம். மத்தியானப் பிரார்த்தனை முடிந்து வந்தவள், வாசலைப் பார்த்ததும் பைபிளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். யார் என்று கேட்கலாமே என்பீர்கள். யாரைக் கேட்பது? கேட்கிறதாவது! சாவு வீட்டு வாசலில் வந்து நின்று யார் செத்தது என்று கேட்கிற அளவுக்கு அங்கே யாரும் மரியாதை கெட்டுப்போகவில்லை. உட்காரவேண்டும், முகத்தைத் தொங்கப்போடவேண்டும், பக்கத்து ஆள் பேசுவதிலிருந்து தெரிந்துகொள்ளவேண்டும். சுகிர்தத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் சுகிர்தத்துக்குத் தெரியும் என்று நினைத்தார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் இவருக்குத் தெரியும் என்று நினைத்தார். நாற்பது நாற்காலியும் இப்படியே நிரம்பின.

டீக்கடை ஒவைஸ் கேட்காமலே ஒரு கேன் டீ கொண்டுவந்து வைத்தான். யாரோ தண்ணீர்ப் பாக்கெட் மூட்டை இறக்கினார்கள். இரண்டு மாலை வந்தது. மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கம்பத்தில் மாட்டினார்கள். கதவு ஏன் சாத்தியிருக்கிறது என்று ஒருவர் மெதுவாகக் கேட்டதற்கு, உள்ளே குளிப்பாட்டிக்கொண்டிருப்பார்கள் என்று இன்னொருவர் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

வியாழக்கிழமையிலிருந்து கிழவியைக் காணோம், ஆகவே அங்கம்மாதான் என்று மூன்று மணிவாக்கில் பொதுவாக முடிவாகியிருந்தது. அப்போது சுகிர்தம் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னாள். அங்கம்மாவோடு காலையில்தான் போனில் பேசினாள். எண்ணூரில் மகள் வீட்டில் நன்றாகத்தான் இருக்கிறாள், மருமகளைத் திட்டுகிற குரலில் ஒரு குறையும் இல்லை. சரி, பாஸ்கர்? ஹார்பர் கேட்டில் நிற்கிறான் என்று மத்தியானம் அங்கிருந்து வந்த டிரைவர் ஒருவர் சாட்சி சொன்னார். அப்படியானால் வீட்டில் மிச்சம் யார்?

மூன்று வாரமாக லைட்டு லைட்டு என்று ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தவள். அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. ஷாக் அடித்திருக்கிறது.

அதற்குப் பிறகு வேலைகள் மளமளவென்று நடந்தன. ஒவைஸ் எண்ணூருக்குப் போன் போட்டு, அங்கம்மாவிடம் நேராகச் சொல்ல வாய் வராமல், உங்கள் வாசலில் லைட்டு கட்டியிருக்கிறது, உடனே வாருங்கள் என்று மட்டும் சொன்னான். மிச்சத்தை அவள் வந்து இறங்கும்போது சந்துமுனையில் நிற்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டான். பாஸ்கரின் போன் அணைந்திருந்தது. தெருமுனை ஃபிளெக்ஸ் கடைக்காரர் தன் செலவில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் போட முன்வந்தார். படம் வேண்டுமே என்றார். நாற்பது பேரும் அவரவர் போனில் தேடினார்கள். கார்குழலி துடைத்துக் கொடுத்த படங்கள் எல்லோரிடமும் இருந்தன. கார்குழலியின் படம் யாரிடமும் இல்லை. கடைசியில் ஒரு வளைகாப்புப் படத்தின் ஓரத்தில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவளை வெட்டி எடுத்தார்கள்.

நாலு மணிக்கு அண்ணாச்சி வந்தார். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, நெற்றியில் சந்தனம். கூடவே சம்சாரம் ராமசெல்வி, நகையெல்லாம் போட்டுக்கொண்டு. வாசலைப் பார்த்ததும் சம்சாரத்தை அப்படியே ஆட்டோவில் திருப்பி அனுப்பினார். அவரும் போயிருக்கலாம். போகவில்லை. மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, யாரோ எழுந்து கொடுத்த நாற்காலியில் ஒரு ஓரமாக உட்கார்ந்தார். வியாழக்கிழமைதான் கடைக்கு வந்து என் முகத்தை இப்படித் திருப்பி அப்படித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனது அந்தப் பிள்ளை, இடது பக்கம்தான் லட்சணம் என்று சொன்னது, ஐம்பத்தெட்டு வயசில் எனக்கு லட்சணம் இருக்கிறதென்று சொன்ன ஒரே ஆள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கடைக்குப் போன் பண்ணி ஒரு மூட்டை அரிசி அனுப்பச் சொன்னார்.

உள்ளே கார்குழலி கடிகாரத்தைப் பார்த்தாள். நாலேகால். அண்ணாச்சி ஏமாற்றிவிட்டார். அறை போச்சு என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே சந்துமுனையில் ஒரு குரல் எழுந்தது. அந்தக் குரல் யாருடையதென்று அவளுக்குத் தெரியாமலா போகும்? மாமியார் வந்துவிட்டாள். சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று யோசிப்பதற்குள் குரல் ஜன்னலுக்கு வெளியே வந்துவிட்டது. அது சண்டைக் குரலாக இல்லை. ஒப்பாரியாக இருந்தது.

ஐயோ, யாரோ போய்விட்டார்கள் என்று பதறிக் கதவருகே ஓடினாள். தாழ்ப்பாளில் கை வைத்தவள் தன் பெயரைக் கேட்டு அப்படியே நின்றாள்.

"அடிப்பாவி கொயலி, பூட்டியா. கரண்டுல கை வெக்காதேன்னு எம்மா தபா சொன்னேன். ஒத்த ரூம்பு கேட்டா எங்கிட்ட. அத்தெ குடுக்க எனக்கு மனசு வர்லியே. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில இருவது நாளு என்னெ குந்த வெச்சி தல வாரி வுட்டது யாரு, நான் பெத்தவளா? இவதானே. மூணு நாளா என் பொண்ணு வூட்ல கீறேன். மாத்திரை போட்டியாம்மான்னு ஒரு வார்த்தெ இல்ல. இவ தெனம் கேப்பா, நான் தெனம் திட்டுவேன். எல்லாரும் கேட்டுக்கோங்க. இந்த ரூம்பு இவளுது. எடுத்துக்கோ கொயலி. இன்னா லைட்டு வேணுமோ மாட்டிக்கோ. எந்திரிச்சி வந்து எடுத்துக்கோ."

கார்குழலி கதவைத் திறந்தாள்.

அந்த நேரத்தில் அவள் வேறென்ன செய்திருக்க முடியும் என்று யாராவது சொன்னால் தேவலை. பின்னால் சாம்பிராணிப் புகை, பக்கவாட்டில் எட்டு டியூப்லைட்டின் வெளிச்சம், வியர்வையில் நனைந்த தலை. ஒவைஸ் கையிலிருந்த கேனைக் கீழே போட்டான். சுகிர்தம் பைபிளைத் திறந்து கையில் வந்த பக்கத்தைச் சத்தமாக வாசித்தாள். அண்ணாச்சி நாற்காலியோடு சாய்ந்தார். அங்கம்மா மட்டும் அசையவில்லை. மருமகளை மேலிருந்து கீழே பாதம் வரைக்கும் பார்த்தாள்.

"சாவலயா நீ?"

"இல்லத்தெ."

"அப்போ இன்னாத்துக்கு லைட்டு?"

"படம் எடுக்கத்தான்."

அங்கம்மா ஓங்கி ஒரு அறை விட்டாள். விட்ட கையாலேயே அவளை இழுத்துத் தோளோடு அணைத்தாள். அணைத்தபடியே உள்ளே தள்ளிக்கொண்டு போய், தலையணையைக் கீழே தள்ளிவிட்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்து, பாதியில் நின்ற அழுகையை அழுது முடிக்க ஆரம்பித்தாள். அழுகை ஆரம்பித்தால் முடிக்காமல் விடுகிற ஆள் இல்லை அங்கம்மா.

ஜன்னல் வெளிச்சம் அவள் முகத்தில் ஒரு பக்கமாக விழுந்தது. கன்னத்துச் சுருக்கத்தில் கண்ணீர் நின்று நின்று இறங்கியது. கார்குழலி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்திருக்க வேண்டும், காலில் விழுந்திருக்க வேண்டும். அவள் கேமராவுக்குப் பின்னால் போனாள். கன்னம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு தடவை அமுக்கினாள். இந்தத் தடவை அங்கம்மா கண் மூடவில்லை.

வெளியே வேறு பிரச்சினை. வந்தவர்கள் எப்படித் திரும்பிப் போவது? சாவு வீடு என்றால் சொல்லிக்கொள்ளாமல் போகவேண்டும். சாவு இல்லை என்றால் சொல்லிக்கொள்ளாமல் போவது மரியாதையில்லை. பாதிப் பேர் சொல்லிக்கொண்டு போனார்கள், பாதிப் பேர் சொல்லாமல் போனார்கள், இரண்டு பேர் சொல்லிவிட்டு அப்புறம் சொன்னது தப்போ என்று திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். வேலை செய்யும் கம்பெனியில் நாளைக்கு லீவு சொல்லிவிட்டேனே என்று சுகிர்தத்துக்குக் கோபம். ஃபிளெக்ஸ் கடைக்காரர் சங்கடத்தோடு போனை நீட்டிப் போஸ்டரைக் காட்டினார். கார்குழலி அதை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். லைட்டு நேராக மூஞ்சியில் அடித்திருக்கிறது, மூக்கே தெரியவில்லை என்று மட்டும் சொன்னாள்.

அண்ணாச்சியின் சிக்கல் இன்னும் பெரிது. செத்தவர்கள் யாருமில்லை, வாஸ்தவம். ஆனால் துட்டி வீடு என்று நினைத்துத் துட்டிக்கு உட்கார்ந்தாயிற்று, அழுதும் ஆயிற்று. தலைமுழுகாமல் காலண்டருக்குப் படம் எடுத்தால் விளங்குமா? போய்க் குளித்து, வேறு சட்டை போட்டு, ஐந்தரைக்கு ஈரத் தலையோடு வந்தார். ராமசெல்வியும் வந்தாள். ஆனால் சந்துமுனையிலேயே நின்றுகொண்டாள். அந்த எட்டு டியூப்லைட் எரிகிறவரைக்கும் ஒரு அடி வைக்கமாட்டேன் என்றாள். அதை அணைத்தால் படம் ஏது? கார்குழலி கெஞ்சினாள். அண்ணாச்சி அதட்டினார். ஒன்றும் ஆகவில்லை.

அப்போதுதான் அங்கம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். நிலைமையைப் பார்த்தாள். மணலிக் கல்யாணத்திலிருந்து அப்போதுதான் வண்டியில் வந்து இறங்கிய கோதண்டத்தைக் கூப்பிட்டாள். அவர் நாற்பது வருஷத்தில் வாங்காத வசவையெல்லாம் ஐந்து நிமிஷத்தில் வாங்கினார். வாங்கி முடித்ததும் வண்டியில் இருந்த சீரியல் செட்டை இறக்கிப் பந்தலைச் சுற்றிக் கட்டினார். சிவப்பும் பச்சையும் நீலமும் ஓடி ஓடி எரிந்தன. ராமசெல்வி நிம்மதியாக உள்ளே வந்து இடது பக்கம் நின்றாள். அதுதான் அண்ணாச்சியின் லட்சணமான பக்கம் என்று சொல்லி வலது பக்கம் மாற்றி நிறுத்தினாள் கார்குழலி. படத்துக்கு அந்தக் கலர் விளக்கு ஒன்றுக்கும் உதவாது. ஆனால் இன்றுவரைக்கும் அது இல்லாமல் அவள் வேலை தொடங்குவதில்லை. கலர் விளக்கைப் போடுகிற வேலை அங்கம்மாவுடையது. போட்டுவிட்டு, சந்தில் போகிறவர்களிடம் இங்கே யாரும் சாகவில்லை, போய் வேலையைப் பாருங்கள் என்றும் சொல்லுவாள்.

அண்ணாச்சி தம்பதி போனபிறகு அன்றைக்குச் சாயங்காலம் அறையில் இரண்டு பேர்தான். கட்டில் சமையலறை வாசல் பக்கம் ஒதுக்கிப் போடப்பட்டிருந்தது. நாற்பது பேர் முன்னால் சொன்ன வார்த்தை, திரும்ப வாங்க முடியாது. அங்கம்மா திரும்ப வாங்க முயற்சி பண்ணவும் இல்லை. பாஸ்கரின் போன் உயிர்பெற்று அடித்தது. அவள்தான் எடுத்தாள். நான் வந்துவிட்டேன், ரூமைக் கொடுத்துவிட்டேன், நீ வாயை மூடு என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கார்குழலி கேமராவைத் தூக்கி அந்த அழுகிற படத்தைக் காட்டினாள். அங்கம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நான் போனா இத்தெ போஸ்டர்ல போட்டுடாதே. அதுக்கு வேற எடு, சிரிச்சா மாதிரி. இது ஒனக்காவ அழுதது. நீ வெச்சிக்கோ."

பிறகு எழுந்து நின்றாள். மருமகளின் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். கேமராவுக்குப் பின்னால் போய், எதை அமுக்குவது என்று கேட்டாள்.

"ஊரே தேடிச்சு, ஒரு படம் கெடைக்கல ஒனக்கு. பாயசம் ஊத்தறவளாவா போவ நீ? நேரா குந்து. அழுவாதே, ஆடுது."

கார்குழலியால் அழாமல் இருக்க முடியவில்லை. அங்கம்மா பாட்டுக்கு அமுக்கினாள். படம் சாய்ந்திருந்தது. உச்சந்தலை வெட்டுப்பட்டிருந்தது. மூக்கு சிவந்து, கன்னத்தில் மாமியாரின் நாலு விரலும் பதிந்து, கண்ணுக்குக் கீழே கருப்பு அப்படியே தெரிந்தது. கார்குழலி அதில் எதையும் துடைக்கவில்லை.